பாண்டிருப்பிலிருந்து வந்த மொறிஸ் மைனர்: மூன்றரை வருடக் கணக்கு

ஆறேழு மாதத்துக்கு ஒரு தரமாவது யாராவது என்னைப் பிடித்துக் கேட்டுவிடுகிறார்கள், பழைய கார் ஒன்று வாங்கினால் என்ன என்று. பெரும்பாலும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் ஒட்டி வந்து கேட்பார்கள். "சேர், என்ன விலைக்கு எடுத்தீங்க? ஒழுங்கா ஓடுதா? பெற்றோல் குடிக்குமே?" பாலம் முடிவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் ஒரே தடவையாக எழுதிவைக்கிறேன். கணக்குக் கொப்பி பக்கத்தில் இருக்கிறது, வாங்கின நாளிலிருந்து சதம் விடாமல் எழுதியது, ஆகவே தொகைகளில் பிழை இராது. மற்றதில் என் பக்கச் சாய்வு கொஞ்சம் இருக்கும், அதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

வாகனம் மொறிஸ் மைனர் 1000. 1958 பதிவு, நான்கு கதவு, 948 சீசீ என்ஜின். 2021 செப்டெம்பரில் கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பில் ஓர் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி (உதவி வைத்தியர்) ஐயாவிடம் எட்டரை இலட்சத்துக்கு வாங்கி, 2022 பெப்ரவரியில் வீதிக்கு இறக்கினேன். எனக்கு வீடு கல்லடி, வேலை களுவாஞ்சிகுடி, போக வர ஐம்பது கிலோமீற்றர். 2025 ஓகஸ்ட் வரை 23,600 மைல் ஓடியிருக்கிறது. மைல்தான், அந்த மீற்றருக்குக் கிலோமீற்றர் தெரியாது. நம் கணக்கில் 38,000 கிலோமீற்றர் அளவில் வரும்.

ஏன் பழையது? ஆசைதான் என்று சொல்லிவிட்டால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முதற் காரணம் அது இல்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது, டொலர் தட்டுப்பாடு. அதோடு நாட்டுக்குள் இருந்த வாகனமெல்லாம் தங்கம் மாதிரி ஏறத் தொடங்கிவிட்டது. ஆறேழு வருடம் ஓடின சின்னக் காருக்கே இருபத்தைந்து, முப்பது இலட்சம் சொன்னார்கள், அதையும் வாங்க ஆள் வரிசையில் நின்றது. லீசிங்குக்குப் போனால் மாதக் கட்டணம் சம்பளத்தில் பாதி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில் ஏழு வீதப் புள்ளி ஏற்றியபோது, லீசிங்குக்குக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்த இரண்டு நண்பர்கள் பேனையை மூடிவைத்துவிட்டார்கள். எனக்கு மூட வேண்டிய பேனை இருக்கவில்லை. அந்த நேரம் நான் முழங்கை வரை கிறீஸோடு நின்றேன்.

இறக்குமதி நின்றால் பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது எங்கள் நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தார்கள், 1977இல் பொருளாதாரத்தைத் திறக்கும் வரை அந்த நெருக்குவாரம் போகவில்லை. ஐம்பதுகளில் வந்திறங்கிய ஏ போட்டி, கேம்பிரிட்ஜ், மைனர், பேஜோ எல்லாம் முப்பது நாற்பது வருடம் ஓடியது அவை அதிசயப் பிறவிகள் என்பதால் மட்டுமில்லை, வேறு வழி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் இன்னும் ஒரு படி மேலே, தொண்ணூறுகளில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது கார்பரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கால என்ஜின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அந்த விளையாட்டு எடுபட்டது. இன்றைய என்ஜினில் செய்து பார்க்க வேண்டாம்.

இலக்கத்தகட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 1957இலிருந்து வண்டி இலக்கங்களில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது, வடக்கு கிழக்கில் அதற்கு எதிராகப் பெரிய போராட்டமே நடந்தது. என் கார் 58, ஆகவே அந்த ஸ்ரீ இதிலும் இருக்கிறது. அப்பா அந்தக் காலத்தில் அந்த எழுத்தின் மேல் தார் பூச வாளியோடு திரிந்த ஆள். இருந்திருந்தால் இந்தத் தகட்டோடு காரை வளவுக்குள் விட்டிருப்பாரோ தெரியாது. இப்போது பார்த்தால் கார் ரசிகர்கள் அந்தத் தகட்டுக்கே தனி மதிப்புச் சொல்கிறார்கள். காலம்.

சரி, வாங்கின கதைக்கு வருவோம். காரை வாங்கியது ஐயாவின் தகப்பனார். அவருக்குப் பிறகு ஐயா 2013 வரை தானே ஓட்டினார், கண் மங்கியதும் விட்டுவிட்டார். அதன் பிறகு எட்டு வருடம் வளவில் மாமரத்துக்குக் கீழே தகரக் கொட்டிலில் நின்றது. நான் போய்ப் பார்த்தபோது பொனற்றின் மேல் மாம்பூ உதிர்ந்து காய்ந்து ஒட்டியிருந்தது. இந்தப் பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னுக்கு ஒரு தட்டையான பட்டை ஓடும், கவனித்திருப்பீர்கள். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்து முடிக்கிற நேரத்தில் ஒடுங்கலாக இருக்கிறதே என்று தோன்றி, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி நடுவில் நாலு அங்குலம் விட்டு நகர்த்திப் பார்த்திருக்கிறார். அது பிடித்துப்போய் அகலத்தைக் கூட்டினார்கள். அந்த நாலு அங்குலம்தான் பட்டையாக நிற்கிறது. 1948இல் வெளிவந்த கார், 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சம் அளவில் செய்தார்கள், பத்து இலட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கதவு 'டொக்' என்று மூடியது மட்டும்.

நான் முட்டாள்தனமாகப் பார்க்கவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் காக்காவை (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கூட்டிக்கொண்டு போனேன், மைனரும் கேம்பிரிட்ஜும் பழகின கை. என்ஜின் கையால் சுற்றியது. கியர் பொக்ஸில் சத்தம் இல்லை. தரைத் தகட்டை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார், ஓட்டுநர் காலடியில் மட்டும் உள்ளே போனது, அது எல்லா மைனரிலும் உள்ளதுதான் என்றார். நான் ஐயாவிடம் ஒரேயொரு முக்கியமான கேள்வி கேட்டேன்.

"ஐயா, இந்தப் பக்கம் மாரியில வெள்ளம் ஏறுமா? காருக்க தண்ணி வந்திருக்கா?"

"இல்ல மகன். இந்த வளவு மேடு. வெள்ளம் இஞ்ச ஏறுறல்ல."

அந்தப் பதிலை நான் கொப்பியில் எழுதியும் வைத்தேன். அது பின்னால் வரும்.

காரின் பதிவுப் புத்தகம் செத்துப்போன தகப்பனாரின் பெயரில் இருந்தது. இங்கே பலர் செய்வதுபோல ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல், வாங்கிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று விட்டிருந்தால் இன்றைக்கும் இழுபட்டுக்கொண்டிருப்பேன். ஐயாவின் சகோதரங்கள் ஒருவர் லண்டனில், இருவர் கனடாவில். எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கி, மரணச் சான்றிதழ் எடுத்து, சட்டத்தரணியிடம் போய் வந்து, பெயர் மாற ஏழு மாதம் போனது. ஆகவே முதல் அறிவுரை: இறந்தவர் பெயரில் உள்ள காரென்றால் பத்திரம் முடியும் வரை முழுக் காசைக் கொடுக்க வேண்டாம். நான் பாதியைத்தான் கொடுத்தேன், ஐயாவும் அதை நியாயம் என்றார்.

முதற் கட்ட வேலைக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம். எட்டு வருடம் நின்ற காரில் என்னென்ன செத்துப்போகுமோ அதெல்லாம் செத்திருந்தது: பெற்றோல் தாங்கிக்குள் பாணி மாதிரி ஒரு கறுப்புக் குழம்பு, பிரேக் சிலிண்டர்களின் றப்பர் எல்லாம் இறுகிக் கல், ரேடியேட்டர் பாதி அடைப்பு, நாலு டயரும் பார்க்கப் புதிது ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு, வயரிங்கை எலி தின்றுவிட்டது. மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பொனற்றுக்குள் இல்லை, ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். பிரேக் ஒயில் பார்க்கக் காப்பெற்றைத் தூக்கி, தரையில் உள்ள மூடியைக் கழற்ற வேண்டும். அப்படிக் குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராது, அதனால்தான் பல மைனர்களில் அது கடைசி வரை கவனிக்கப்படாமல் கிடக்கிறது. என் காரிலும் அது துருக் கட்டியாகத்தான் வெளியே வந்தது. சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தோம். மைனர் சாமான் இலங்கையில் கிடைக்காது என்று பயப்பட வேண்டியதில்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் திருத்துகிற சாள்ஸ் வேயர் என்பவர் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே மைனர் உதிரிப்பாகம் செய்து அங்கே கொண்டுபோனவர். இங்கிலாந்துக் காருக்கு இங்கிருந்து சாமான், யாராவது சொன்னால் நம்புவார்களா?

வீதிக்கு இறக்கின முதல் மாதம் கல்யாண வீடு மாதிரி. கைகாட்டி என்று நான் சொல்கிற சமிக்ஞை அதில் இருந்தது, கதவுத் தூணுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை ஒளி போட்டுக்கொண்டு வெளியே நீளும். ஆரையம்பதியில் வலதுபக்கம் திரும்பும்போது பின்னால் வந்த ஓட்டோக்காரத் தம்பி ஹோர்ன் அடித்து நிறுத்திச் சொன்னான்: "ஐயா, உங்கட காரில ஏதோ கழண்டு தொங்குது." அடுத்த நாளே மினுங்குகிற லைற் பூட்டினேன். கையையும் விட்டுவைத்திருக்கிறேன், மகளுக்காக. முன் இருக்கை இரண்டுக்கும் தகடு வைத்து வெல்ட் பண்ணி பெல்ற் பூட்டியதும் அப்போதுதான். பற்றரிக் கடைப் பையன் வழக்கம்போல மறை முனையை உடம்போடு பூட்டப் பார்த்ததும் அப்போதுதான். இந்தக் காரில் நேர் முனைதான் உடம்போடு போகும், தலைகீழ். நல்லகாலம் நான் பக்கத்தில் நின்றேன். இப்போது பற்றரிக்கு மேல் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது.

பிறகு வந்தது 2022 நடுப்பகுதி. பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அதுவும் கிடைத்தால். ஜூலையில் பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர். எனக்கு மட்டும் பதிவு ஏற்கவில்லை, ஏனென்றால் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கத்தில் ஓர் எண் எந்தக் காலத்திலோ பிழையாக ஏறியிருந்தது. அதைத் திருத்துகிற மூன்று கிழமையும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்தேன். திருத்தின பிறகு பார்த்தால் கணக்கு அளந்து வைத்தது போல: கார் லீற்றருக்குப் பன்னிரண்டரை கிலோமீற்றர் ஓடும், இருபது லீற்றருக்கு 250, எனக்குக் கிழமைக்கு ஐந்து நாள் ஐம்பது. சனி ஞாயிறு கார் வீட்டோடு. "பெற்றோல் குடிக்குமே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். புதிய சின்னக் கார்களை விடக் கூடத்தான், ஆனால் பலர் நினைக்கிற மாதிரிப் பேய்க் குடி இல்லை.

வெயில்தான் வேறு விசயம். ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இந்தக் கார் என்னைப் பலர் முன்னால் அவமானப்படுத்தியிருக்கிறது. மைனரில் கார்பரேட்டர் இருப்பது புகை போகிற குழாய்க்கு நேர் மேலே. ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுக்கப் போனால் கிண்ணத்துக்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகி இருக்கும், ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பிடிக்காது. பெற்றோல் வரிசையில் ஐந்தைந்து நிமிடமாக நகர வேண்டிய நாட்களில் நினைத்துப் பாருங்கள். களுவாஞ்சிகுடி வரிசையில் நான் காரைத் தள்ளிக்கொண்டே போனேன், பின்னால் நின்ற இரண்டு தம்பிமார் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். மருந்து எளிது: பொனற்றைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுப்பது, அவசரமென்றால் பெற்றோல் பம்பில் ஈரத் துணி சுற்றுவது. அந்தத் துணி இப்போதும் கதவுப் பையில் கிடக்கிறது. பயந்துகொண்டிருந்த இன்னொரு விசயம் நடக்கவே இல்லை. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றதிலிருந்து பழைய என்ஜின்களின் வால்வு இருக்கை தேய்ந்துபோகும் என்று எல்லோரும் வெருட்டுவார்கள். மணிக்கு அறுபதுக்கு மேல் நான் போவதில்லை, மூவாயிரம் மைலுக்கு ஒரு தரம் வால்வு இடைவெளியை அளக்கிறோம், இன்னும் அசையவில்லை.

இப்போது 2023 மே. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அந்த நாள்தான்.

வேலை முடிந்து வருகிறேன், செட்டிபாளையத்தில் தேங்காய் வாங்க ஒழுங்கைக்குள் திருப்பினேன். வேகம் நடக்கிற வேகம். 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங் கையை விட்டு உருவிக்கொண்டு போனது, காரின் முன் இடப்பக்கம் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சில்லு மட்காட்டுக்குள் மடிந்து கிடக்கிறது, கோழி இறக்கையை மடக்கின மாதிரி. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பிரதான வீதியில் கல்முனை பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கமாக அறுபதில் வந்துகொண்டிருந்தேன். அன்று இரவு சாப்பிடவில்லை. வீட்டில் நடந்ததைச் சொன்னேன், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைச் சொல்லவில்லை. இதை வாசித்துத்தான் அவள் அறிவாள்.

என்ன நடந்தது என்றால், இந்தக் காரில் முன் சில்லைத் தாங்குகிற கால் மேலேயும் கீழேயும் மரை வெட்டின மூட்டுக்குள் சுழலும். புத்தகத்தில் ட்ரனியன் என்று போட்டிருக்கும். ஸ்டியரிங் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் அந்த மரை ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கும், அதனால் அதற்குக் கிறீஸ்தான் உயிர். ஆயிரம் மைலுக்கு ஒரு தரம் கிறீஸ் அடிக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. நான் அடித்தேன்! தவறாமல், ஒன்றரை மாதத்துக்கு ஒரு ஞாயிறு, நானே கீழே படுத்து. கொப்பியில் திகதி இருக்கிறது. காக்கா மூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். உள்ளே மரை என்று ஒன்றில்லை, மழுங்கி வழவழவென்று இருக்கிறது, கிறீஸும் இல்லை. காய்ந்த மெழுகு மாதிரி ஒரு பழைய கட்டி நிப்பிளின், அதாவது கிறீஸ் ஏற்றுகிற சின்ன முனையின், துளையை அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் கிறீஸ் துப்பாக்கியை அழுத்தும்போதெல்லாம் கிறீஸ் நிப்பிளின் வாயோரமாகத்தான் பிதுங்கி வழிந்திருக்கிறது. வழிந்ததைப் பார்த்து 'ஆ, நிரம்பிவிட்டது' என்று நான் துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். பதினைந்து மாதம்.

"புதுக் கிறீஸ் போனா பழைய கிறீஸ் மத்தப் பக்கத்தால வரணும் தம்பி. வந்திச்சா? அதத்தான் பாக்கணும்" என்றார் காக்கா. கோபப்படவில்லை. வாங்கின நேரம் நிப்பிள்களைக் கழற்றித் துளை பார்க்காதது தன் பிழை என்றும் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

சில்லுக்கு வேலை செய்யும்போதே முறுக்குக் கம்பியையும் பார்ப்போம் என்று பின்னுக்குப் போனார். மைனரின் முன்பக்கத்துக்குச் சுருள் வில் கிடையாது, நீளமான இரும்புக் கம்பி ஒன்று முறுகி முறுகி வில்லாக வேலை செய்யும். அந்தக் கம்பியின் மற்ற முனை வந்து பிடிப்பது இருக்கைக்குக் கீழே ஓடுகிற குறுக்குச் சட்டத்தில். மைனருக்குத் தனிச் சேஸியும் கிடையாது, உடம்பும் சட்டமும் ஒன்று, ஆகவே அந்தக் குறுக்குச் சட்டம் போனால் கார் போனது. காக்கா அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங், டப். அந்த 'டப்' வந்த இடத்தில் உளி வைத்து ஒரு தட்டு. தகடு பிஸ்கற் மாதிரி உடைந்து உள்ளிருந்து மண் கொட்டியது. கொஞ்சம் இல்லை, தேங்காய்ச் சிரட்டையால் மூன்று சிரட்டை வரும். நான் துருத்தூள் என்று நினைத்தேன். காக்கா உள்ளங்கையில் எடுத்து விரலால் பரப்பினார். வெள்ளை மண், நடுவில் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சிப்பி.

"கடக்கரை மண் தம்பி இது."

ஒரு நிமிடம் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. பாண்டிருப்பு, கடற்கரை, கார் அந்த வளவிலேயே நின்றது. 2004 டிசம்பர் 26. இதை நினைக்காமல் எப்படி விட்டேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. கல்லடியில் இருக்கிறவன் நான்.

அடுத்த ஞாயிறு ஐயாவிடம் போனேன். கோபமாகத்தான் போனேன், உண்மையை மறைக்கவில்லை. சிப்பியை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீங்க வெள்ளம் வந்ததா எண்டு கேட்டீங்க மகன். வெள்ளம் வரல்ல. வந்தது கடல். கடல் வந்தத ஆர் வெள்ளம் எண்டு சொல்லுவா?"

அவர் ஏமாற்றவில்லை. அந்த ஊரில் அது வேறு சொல், வேறு நாள், சந்தையில் பேசும்போது எடுக்கிற விசயம் இல்லை. தண்ணீர் இருக்கை வரை வந்ததாம். வடிந்த பிறகு காரை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் வாளி வாளியாகக் கழுவினாராம், ஒரு மாதம். அந்தக் கரை முழுக்கக் கிணறெல்லாம் அப்போது உப்பாகிப்போயிருந்தது. உப்பை உப்பால் கழுவியிருக்கிறார். வேறென்ன செய்வது? என்ஜினைப் பிரித்து ஒயில் மாற்றி, ஆறு மாதத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டார், பிறகு ஒன்பது வருடத்துக்குக் கிட்ட ஒரு கரைச்சலும் இல்லாமல் ஓடியது.

இந்த இடத்தில்தான் எனக்கு விசயம் பிடிபட்டது. நனைந்ததால் மட்டும் அந்தச் சட்டம் போகவில்லை. ஓடிய ஒன்பது வருடமும் என்ஜின் ஒயில் கசிந்து அடிப்பக்கம் முழுக்கப் பூசிக்கொண்டிருந்தது, சூட்டில் ஈரம் காய்ந்தது, வருடத்துக்கு இரண்டு தரம் கராஜில் யாரோ அடியில் படுத்தார்கள். பிறகு எட்டு வருடம் நிறுத்தினார்கள். ஒவ்வொரு மாரிக்கும் வாடைக் காற்று உப்பு ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டிலுக்குள் விட்டது, சட்டத்துக்குள் கிடந்த உப்பு மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டது, காய வைக்க ஒருவரும் இல்லை. நிப்பிளை அடைத்த கிறீஸும் அந்த எட்டு வருடத்தில் இறுகியதுதான், பிரேக் றப்பரும் அப்படியே, தாங்கிக்குள் பாணியும் அப்படியே. கொப்பியில் பெரிய செலவு என்று வட்டமிட்ட எதை எடுத்தாலும் அதன் வேர் அந்த எட்டு வருடத்தில் இருக்கிறது. 63 வருடப் பழைய காரை வாங்கினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குச் செலவு வைத்தது அதில் எட்டு வருடம் மட்டும். ஆகவே கிழக்குக் கரையில் பழைய கார் பார்க்கப் போகிறவர் எத்தனையாம் ஆண்டு மொடல் என்று கேட்பதை விட, எங்கே எத்தனை வருடம் நின்றது, 2004இல் எங்கே நின்றது என்று கேட்க வேண்டும். மினுமினுவென்று பெயின்ற் அடித்துக் கொட்டிலில் நிற்கிற காரை விட, பெயின்ற் வெளிறினாலும் தினமும் சந்தைக்குப் போய்வருகிற காரைத்தான் நான் இப்போது எடுப்பேன்.

வெல்டிங் வேலைக்கு 118 நாள், மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம். குறுக்குச் சட்டத்தையும் இரண்டு பக்க நீளச் சட்டத்தில் பாதியையும் 16 கேஜ் தகட்டில் வளைத்தே செய்தார்கள். வெட்டுமுன் கதவு வாசல்களுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் பண்ணி உடம்பை இறுக்கினார்கள், இல்லாவிட்டால் நடுவில் தொய்ந்து பிறகு கதவு மூடாது. ஆரையம்பதி வெல்டிங் பாஸ் அந்தக் கம்பிகளை வைத்துவிட்டு நூல் பிடித்து அளந்ததைப் பார்த்தபோதுதான் காசு கொடுக்கிற கை நடுங்காமல் நின்றது. முடிந்த பிறகு சட்டத்துக்குள் பழைய என்ஜின் ஒயிலை விசிறினோம், வருடத்துக்கு ஒரு தரம் மாரிக்கு முன் திரும்ப விசிறுகிறேன். வளவுச் சீமெந்தில் கறை விழும். வீட்டில் அதற்கு ஏச்சும் விழும்.

மொத்தக் கணக்கு: வாங்க எட்டரை இலட்சம், முதல் வேலை மூன்று இலட்சத்துப் பத்தாயிரம், வெல்டிங் மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம், மூன்றரை வருடச் சில்லறைச் செலவு (டயர், பொயின்ற், கொண்டென்சர், பிளக், ஒயில், ஒரு கிளச் தட்டு, ஒரு டைனமோ திருத்தம்) இரண்டு இலட்சத்து எழுபதாயிரம். பெற்றோலும் காப்புறுதியும் பத்திரச் செலவும் இல்லாமல் பதினெட்டு இலட்சத்துப் பதினையாயிரம். ஓடாமல் நின்ற நாள் 171, அதில் வெல்டிங் போக மிச்சம் 53. காப்புறுதி மூன்றாம் தரப்பு மட்டும், ஆகவே மோதினால் என் தலையில்தான். இந்தக் கணக்கில் என் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் படுதோல்வி, எனக்கே தெரியும். ஆனால் ஞாயிறு காலையில் நான் வேறு என்ன பெரிய வேலை பார்த்தேன் என்றும் கேட்டுப் பார்க்கிறேன்.

அலுவலக நண்பர் ஒருவர் அதே காலத்தில் ஹைபிரிட் ஒன்று எடுத்தார். அருமையான கார், ஏசி, சத்தமே இல்லை, லீற்றருக்கு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு ஓடும். ஒரு நாள் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. பெரிய பற்றரி. கொழும்புக்கு லொறியில் ஏற்றி அனுப்பினார், திருத்தின தொகை என் வெல்டிங் செலவைத் தாண்டியது. இதைச் சொல்லி நான் வென்றேன் என்று காட்ட வரவில்லை. அவர் அந்தக் காரில் குடும்பத்தோடு இரவிலே கொழும்பு போய் வருகிறார். நான் போகமாட்டேன். நாலு சில்லுக்கும் டிரம் பிரேக், காற்றுப்பை இல்லை, பின் இருக்கைக்குப் பெல்ற் இல்லை, இரவில் முன் விளக்கு மெழுகுதிரி. கல்முனை பஸ் பின்னால் முட்டிக்கொண்டு வரும்போது முன்னால் நாய் பாய்ந்தால் இந்தக் கார் நிற்க எடுக்கிற தூரம் எனக்குத் தெரியும், பஸ்காரருக்குத் தெரியாது. அதனால் முன்னால் இரண்டு கார் இடைவெளி எப்போதும் விடுவேன், அதற்குள் ஓட்டோ புகுந்துவிடும், திரும்பவும் விடுவேன். வீட்டில் ஒரே வாகனம், கைக்குழந்தை, தூரப் பயணம், பக்கத்தில் காக்கா மாதிரி ஆள் இல்லை என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். கடைசியில் சொன்னது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். காக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. அவரிடம் வேலை பழகுகிற இரண்டு பையன்களில் ஒருவனுக்குத்தான் கார்பரேட்டரில் ஆர்வம், மற்றவன் ஸ்கேனர் பிடிக்கிற ஆள். அந்த ஒருவனுக்கு நான் அடிக்கடி தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பதில் சுயநலம் இருக்கிறது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து கேள்வியின் தொனி மாறியிருக்கிறது, "இனி இதை வித்துப்போட்டுப் புதுசு எடுக்கலாமே சேர்?" வரியோடு சேர்த்து விலைப் பட்டியலைப் பார்த்தேன், மடித்து வைத்துவிட்டேன். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து பதினாறு இலட்சம் கேட்டார், ஸ்ரீ தகட்டுக்காகவே. கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் போகிறாராம், மற்ற நாட்களில் உறை போட்டு மூடி வைப்பாராம். நிறுத்தி வைக்கப் போகிறார் என்று காதில் விழுந்ததும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போதைய நிலைமை: பின் வில்லுத் தகடு பிடிக்கிற வலப்பக்கத் தாங்கியில் தட்டினால் 'டிங்'குக்கும் 'டப்'புக்கும் நடுவில் ஒரு சத்தம் வருகிறது. மாஸ்டர் சிலிண்டர் திரும்பவும் லேசாகக் கசிகிறது, கிட் வாங்கி வைத்துவிட்டேன். காக்கா ஒக்டோபர் முதற் கிழமை கொண்டுவரச் சொன்னார், வாடை தொடங்குமுன் தகட்டை வெட்டிப் பார்க்க வேண்டுமாம்.